பாம்பின் முதுகில் பதினைந்து வரிசை

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். படம் வரைகிறவர்களும் நடுங்குவார்கள் என்பதை நம் சங்கத்து ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்பில் பார்த்து வருகிறேன். யானை, மயில், ரயில் எஞ்சின் எல்லாம் குழந்தைகளுக்குச் சரளமாக வருகிறது. பாம்பு என்றதும் வளைந்த குழாய் ஒன்றைப் போட்டு, அதற்குள் மீன் செதிலையோ லுங்கிக் கட்டத்தையோ நிரப்பிவிடுகிறார்கள். பெரியவர்கள் வரைந்தாலும் இதே கதைதான். நம் வீட்டுக் காலண்டரில் பள்ளிகொண்ட பெருமாளுக்குப் படுக்கையாக இருக்கும் ஆதிசேஷனைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் கெண்டை மீன் தோலாக இருக்கும். பக்திக்கு அது போதும். கரக்பூருக்கு அப்பால் பிங்களா பக்கம் நயா கிராமத்துப் பட்டுவாக்கள் மனசா தேவியின் சுருள் படங்களில் எழுதும் பாம்புகளும் அப்படியே; அவை கதை சொல்ல வந்தவை, அவற்றின் அழகு வேறு. நான் இங்கே எழுத வந்தது, பார்த்தவுடன் இது இன்ன பாம்பு என்று அடையாளம் சொல்லும்படி பென்சிலாலும் நீர்வண்ணத்தாலும் செதில் வரைவதைப் பற்றி.

இதில் என்ன அவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். நான் பணியில் இருந்த ஓர் ஊரில், மழைக்கால இரவில் தரையில் படுத்திருந்த தண்டவாளத் தொழிலாளி ஒருவரைப் பாம்பு கடித்துவிட்டது. அடித்த பாம்பைச் சாக்கில் போட்டு அவரோடு தூக்கி வந்தார்கள். கறுத்த உடம்பு, வெள்ளைப் பட்டைகள். முதலுதவி அறைச் சுவரில் விஷப் பாம்புகள், விஷமற்ற பாம்புகள் என்று வண்ணப் படம் ஒன்று தொங்கியது. வங்காளிகள் காலாச் என்று சொல்லும் கட்டுவிரியனும், அதே சாயலில் இருக்கும் விஷமற்ற வெள்ளிக்கோல் வரையனும் அதில் அடுத்தடுத்து இருந்தன. இரண்டுக்கும் ஒரே கறுப்பு, ஒரே வெள்ளைப் பட்டை, ஒரே கட்ட வலை. அதை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு கட்சியாக வாதாடினார்கள். கடிபட்டவருக்கு வலி இல்லை, வீக்கம் இல்லை. ஆகவே "ஒன்றுமில்லை, தூங்கச் சொல்லுங்கள்" என்ற கட்சியின் கை ஓங்கியது. கட்டுவிரியன் கடியில் பெரும்பாலும் வலியோ வீக்கமோ தெரியாது என்பதுதான் அதன் வஞ்சகம். நல்லவேளையாக வந்து சேர்ந்த மருத்துவர், பாம்பின் முதுகை விளக்கில் பிடித்துப் பார்த்தார். நடு முதுகில் ஒரு வரிசைச் செதில் மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக, அறுகோணமாக ஓடியது. வண்டி உடனே பெரிய மருத்துவமனைக்குக் கிளம்பியது. போகிற வழியிலேயே அவருக்கு இமை சரிய ஆரம்பித்துவிட்டதாம். பிழைத்துக்கொண்டார்.

அந்தச் சுவர்ப் படத்தை வரைந்தவர் வண்ணத்தில் குறை வைக்கவில்லை. செதிலை எண்ணவில்லை, அவ்வளவுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கடித்த பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டிய அவசியம் இன்று இல்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான். மருத்துவர் அறிகுறி பார்த்துக் கொடுப்பார். அடையாளம் பார்க்கிறேன் என்று ஒரு நிமிடம்கூட நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 2000 முதல் 2019 வரை நம் நாட்டில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக 2020-இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. இன்னொரு பக்கம், கட்டுவிரியன் என்று நினைத்து அடிக்கப்படும் வரையன்களுக்குக் கணக்கே இல்லை. சுவரில் தொங்கும் படம் சரியாக இருப்பது மனிதனுக்கும் நல்லது, பாம்புக்கும் நல்லது.

செதிலை எண்ணுவது புதிய யோசனை அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளராக விசாகப்பட்டினத்தில் இருந்த பேட்ரிக் ரஸல், சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி 1796-இல் லண்டனில் ஒரு பெரிய படப் புத்தகம் வெளியிட்டார். வயிற்றுத் தகடு இத்தனை, வாலடித் தகடு இத்தனை என்று ஒவ்வொரு பாம்புக்கும் எண்ணிக்கை எழுதினார். கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பெயரில் இன்றும் இருப்பவர் அவர்தான். சென்னைக்குக் கோரமண்டலில் போகும்போது அவர் நடமாடிய ஊரைத் தாண்டித்தான் போகிறோம். அதற்குப் பிறகு கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் அறுவைப் பேராசிரியராக இருந்த ஜோசப் ஃபேரர், இந்திய விஷப் பாம்புகளைப் பற்றிய நூலை 1872-இல் வெளியிட்டார். அதன் படங்களை எழுதியவர்கள் கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் பயின்ற நம் நாட்டவர்கள். அவர்களில் அன்னதா பிரசாத் பாக்சியும் ஒருவர். இதே பாக்சிதான் 1878-இல் கல்கத்தா ஆர்ட் ஸ்டூடியோவைத் தொடங்கி, சாமி படங்களை அச்சிட்டு வீடுவீடாகக் கொண்டு சேர்த்தவர்களில் முக்கியமானவர். பாம்புக்குச் செதில் எண்ணிய கையும் லட்சுமி, சரஸ்வதிக்கு நகை போட்ட கையும் ஒரே கை. எனக்கு இதில் தனி சந்தோஷம்.

சரி, பென்சிலுக்கு வருவோம். முதலில் செதிலை மறந்துவிட்டு உடம்பின் குறுக்குவெட்டை யோசியுங்கள். நல்ல பாம்பைக் குறுக்கே நறுக்கினால் ஏறக்குறைய வட்டம். வங்காளத்தில் ஷாங்காமுட்டி என்று சொல்லும் மஞ்சள் கறுப்புப் பட்டை விரியனோ கூரை மாதிரி முக்கோணம். நடு முதுகு தூக்கி நிற்கும். வட்டத்துக்கும் முக்கோணத்துக்கும் செதில் மடிகிற விதம் வேறு, வெளிச்சம் விழுகிற விதமும் வேறு.

அடுத்தது வரிசை. பாம்பின் நடு உடம்பில் ஒரு வயிற்றோரத்திலிருந்து முதுகு வழியாக மறு வயிற்றோரம் வரை எண்ணினால் வருவது பெரும்பாலும் ஒற்றைப்படை எண், ஏனெனில் நடு முதுகில் ஒரு வரிசை உண்டு. சாதாரணக் கட்டுவிரியனுக்கு 15. வெள்ளிக்கோல் வரையனுக்கு 17, அதில் நடு வரிசை மற்றவற்றின் அளவேதான். தண்ணீர்ப் பாம்புக்கு 19. கண்ணாடி விரியனுக்கு 27-க்கும் 33-க்கும் இடையில். வயிற்றுப் பக்கம் இந்தச் சிறு செதில்கள் கிடையாது. கடைப் படுதா போல அகலமான தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும்.

என் பேரன் கேட்டான்: "தாத்தா, எல்லாச் செதிலும் ஒரே அளவுதானே, அப்புறம் ஏன் ஓரத்தில் சின்னதாகப் போடுகிறீர்கள்?" டிப்ளமோ முதலாண்டில் போல்ட்டுக்கு மரை வரைந்தவர்களுக்கு இதன் பதில் தெரியும். படத்தில் உடம்பின் அகலம் 60 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த அகலத்தை விட்டமாக வைத்து ஓர் அரைவட்டம் போடுங்கள். வளைவை எட்டுச் சமபாகமாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் விட்டத்துக்குச் செங்குத்தாகக் கோடு இறக்குங்கள். நடுவிலிருந்து ஓரம் நோக்கி இடைவெளிகள் ஏறக்குறைய 11.5, 9.7, 6.5, 2.3 மில்லிமீட்டர் என்று வரும். உருளையின் மேல் ஒட்டிய சம அளவுக் கட்டங்கள் கண்ணுக்குத் தெரிவது இப்படித்தான். நேர் மேலிருந்து பார்க்கும் பாம்பென்றால் எட்டுக்குப் பதில் ஒன்பதாகப் பிரியுங்கள், நடு வரிசை நடுவில் உட்காரும். பிறகு இரு பக்கமும் சாய்கோடுகள். அவை நேர்கோடாக இருக்கக் கூடாது. மரை போல வளைந்து ஓரத்தில் போய் மறைய வேண்டும். இந்த வலையை 2எச் பென்சிலால், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெல்லிதாகப் போட்டால் போதும். உடம்பு வளையும் இடத்தில் உள்வளைவில் வரிசைகள் நெருங்கும், வெளிவளைவில் பிரியும்.

செதில் எந்தப் பக்கம் கவிகிறது என்பதில்தான் பத்துக்கு எட்டுப் பேர் சறுக்குகிறார்கள். ஊரில் நாட்டு ஓடு வேய்ந்த கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். தலை கூரை உச்சி, வால் தாழ்வாரம். ஒவ்வொரு செதிலின் திறந்த விளிம்பும் வால் பக்கம்தான் இருக்கும். மாற்றிப் போட்டால் அந்தப் பாம்பு புதரில் நுழைய முடியாமல் மாட்டிக்கொள்ளும்!

வண்ணத்துக்கு நம் பையன்கள் பள்ளிக்குக் கொண்டுபோகும் காம்லின் வில்லைகளே தாராளம். ஆனால் செதில் செதிலாக வண்ணம் தீட்ட உட்காராதீர்கள். அப்படித் தீட்டினால் சுவரில் ஒட்டிய டைல்ஸ் மாதிரி ஆகிவிடும். செதிலே இல்லாத உருளை என்று நினைத்து முழு உடம்புக்கும் ஒரு வெளிர் பூச்சு கொடுத்து, வெளிச்சப் பக்கம், நிழல் பக்கம் இரண்டையும் முதலில் முடித்துவிடுங்கள். காய்ந்த பிறகு பட்டை, புள்ளி, கண்ணாடி வளையம் ஆகியவை. இந்த உருவங்களின் ஓரம் கத்தரியால் வெட்டியது போல இருக்காது. பெரும்பாலும் செதில் விளிம்பைப் பற்றிக்கொண்டு படிப்படியாகப் போகும். நம் அம்மாக்கள் போட்ட குறுக்குத் தையல் பூவின் ஓரம் போல. அதற்கும் பிறகுதான் செதில் கோடு. அதையும் சுற்றிவரப் போடக் கூடாது. திறந்த விளிம்புக்கு அடியில், நிழல் விழும் பக்கம் மட்டும் ஒரு சிறு அழுத்தம். வெளிச்சம் விழும் இடத்தில் கோடே வேண்டாம்.

வண்ணப் பென்சில் உபயோகிப்பவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் செதில் விளிம்புகளைத் தாளில் அழுத்தி வரைந்துவிட்டு, மேலே பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தால் பள்ளத்தில் வண்ணம் ஏறாது. வெள்ளைக் கோடு தானாக நிற்கும். செதில்களுக்கு இடையே வெளிர் தோல் தெரியும் பாம்புகளுக்கு இது கச்சிதம். படம் எடுத்த நல்ல பாம்புக்கும் இதுதான் வழி. படம் விரியும்போது தோல் இழுபட்டுச் செதில்கள் விலகி நிற்கும். உடம்பில் ஓடு போலக் கவிந்தவை அங்கே தூவிய அரிசி போல இருக்கும். கழுத்துக்குக் கீழே வரைந்த அதே வலையைப் படத்துக்கும் நீட்டினால் பொய்யாகிவிடும்.

பளபளப்பு எல்லாப் பாம்புக்கும் இல்லை. கட்டுவிரியனின் செதில் வழவழவென்று இருக்கும், ஆகவே மின்னும். அதற்குக் கறுப்பு வில்லையைத் தொடாதீர்கள். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் அம்பரும் கெட்டியாகக் கலந்தால் உயிருள்ள கறுப்பு கிடைக்கும். வெளிச்சம் விழும் ஒரு நீளப் பட்டையில் மட்டும், ஒவ்வொரு செதிலிலும் பொட்டளவு தாளின் வெள்ளையை விட்டுவிடுங்கள். கண்ணாடி விரியன் இதற்கு நேர்மாறு. அதன் செதில் ஒவ்வொன்றின் நடுவிலும் நீளவாக்கில் மெல்லிய மேடு ஓடும். மேட்டின் ஒரு சரிவு வெளுப்பு, மறு சரிவு நிழல். இந்த மேடுகள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் உடம்பு முழுதும் மங்கலாக, காய்ந்த சருகு போலத் தெரியும். அதற்குப் பளபளப்புக் கொடுத்தால் விரியன் போய் வேறு ஏதோ வந்து நிற்கும். தலையும் அப்படித்தான். நல்ல பாம்பின் தலை மேல் பெரிய தகடுகள். கண்ணாடி விரியனின் தலை மேல் பொடிச் செதில்கள்.

மற்ற ஊர்வனவற்றுக்கும் இதே எண்ணும் புத்திதான், வலைதான் வேறு. ஓணானின் விலாச் செதில்கள் கூர்நுனியோடு பின்னும் மேலுமாகப் பார்க்கும். உடும்புக்குக் கவிவதே கிடையாது. மணி கோத்தது போல அடுத்தடுத்து நிற்கும். முதலையின் முதுகில் எலும்பு வைத்த சதுரங்கள், வரிசை தப்பாது. ஆனால் அதன் முகத்தில் வரிசை தேடாதீர்கள். முதலையின் தலைத் தோல் கருவில் வளரும்போது, தானாக மடிந்து கட்டங்களாகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இடது கன்னமும் வலது கன்னமும் ஒத்துப்போகாது. ஆகவே முகத்துக்கு ஸ்கேலை மூட்டை கட்டிவிட்டுக் கண்ணை நம்ப வேண்டியதுதான்.

எதைப் பார்த்து வரைவது? பாம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு வரைய 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இடம் தராது, தரவும் கூடாது. தோட்டத்துச் சுவரோரம் பாம்புச் சட்டை கிடந்தால், அங்கேயே உட்கார்ந்து வரிசை எண்ணிப் பார்க்கலாம். உரியும்போது அது நீண்டுவிடும் என்பதால் அளவை மட்டும் நம்ப வேண்டாம். இங்கே அலிப்பூர் மிருகக்காட்சிசாலையில் ஊர்வனவற்றுக்குத் தனிக் கட்டடம் இருக்கிறது. கோடை விடுமுறைக்குச் சென்னை போகிறவர்கள் கிண்டி பாம்புப் பண்ணைக்குக் காலையிலேயே, கூட்டம் சேருவதற்கு முன் போய்விடுங்கள். கண்ணாடியில் நம் முகம் தெரியாத கோணத்தில் நின்று செல்போனில் நடு உடம்பை மட்டும் பெரிதாகப் படம் எடுத்துக்கொண்டால், வீட்டில் ஆற அமர எண்ணலாம்.

நம் வகுப்பில் அடுத்த மாதம் முழுவதும் கட்டுவிரியனும் வெள்ளிக்கோல் வரையனும்தான். ஒரே தாளில், பக்கத்தில் பக்கத்தில். பிள்ளைகள் 2எச் பென்சில், காம்பஸ், தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனா ஒன்று கொண்டு வரட்டும். கறுப்பு வண்ணம் வேண்டாம்.