கைகளே இல்லாத நட்சத்திர மீன்

ஆற்று வெள்ளம் அடித்துச் செல்லும் மரங்களில் சில, கடலில் மிதந்து, நீர் ஊறி, கடைசியில் அடியாழத்துக்குப் போய்ச் சேர்கின்றன. வெளிச்சம் எட்டாத, இரை அரிதான அந்த இடத்தில் ஒரு மரத்துண்டு விழுந்தால் அதை நம்பி ஒரு கூட்டமே பிழைக்கும். மரத்தைத் துளைக்கும் சிப்பிகள் குடியேறும், பாக்டீரியாக்கள் பெருகும். அந்த மரத்தின் இடுக்குகளில் வாழ்வதுதான் சைலோப்ளாக்ஸ். கடல் டெய்சி என்றும் இதை அழைப்பார்கள்.

நியூசிலாந்தை ஒட்டிய கடலில், 1,000 மீட்டருக்கும் கீழே கிடந்த மரத்தில் கிடைத்த முதல் இனத்தை, பேக்கர், ரோ, கிளார்க் ஆகிய மூவரும் 1986-ல் 'நேச்சர்' இதழில் உலகுக்கு அறிவித்தனர். அதன் பெயர் சைலோப்ளாக்ஸ் மெடுசிஃபார்மிஸ்.

சட்டைப் பொத்தானைவிடச் சிறிய தட்டையான வட்டுதான் இதன் உடல். விளிம்பைச் சுற்றிலும் நுண்ணிய முட்கள். கைகள் கிடையாது. மற்ற நட்சத்திர மீன்களில் குழாய்க் கால்கள் ஒவ்வொரு கையின் அடிப்பக்கத்திலும் வரிசையாக ஓடும். இதிலோ அவை விளிம்பை ஒட்டி ஒரே வளையமாக நிற்கின்றன. அந்தக் கால்களை இயக்கும் நீர்க்குழாய் வளையமும் ஒன்றல்ல, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு.

இந்த இனத்துக்கு வயிறும் இல்லை. அடிப்பக்கத்தை மூடியிருக்கும் மெல்லிய சவ்வின் வழியே, அழுகும் மரத்திலிருந்து சத்தை உறிஞ்சிக்கொள்வதாகக் கருதப்படுகிறது. கருக்கள் தாயின் சூலகத்துக்குள்ளேயே வளர்கின்றன.

இவ்வளவு விசித்திரமான உடலைப் பார்த்தவர்கள், நட்சத்திர மீன்களும் அடங்கிய முட்தோலிகளில் இதற்கென்று தனி வகுப்பையே உருவாக்கினார்கள். அதை ஏற்காதவர்களும் இருந்தனர். மரபணுக்களையும் சேர்த்து ஆராய்ந்த 2011-ஆம் ஆண்டின் ஆய்வு, இது நட்சத்திர மீன்களின் வகுப்புக்குள் அடங்குவதுதான் என்று காட்டியது. நட்சத்திர மீன்கள் குஞ்சுப் பருவத்தில் கை நீளாத சிறு வட்டாகவே இருக்கும். சைலோப்ளாக்ஸ் ஏறக்குறைய அந்த உருவத்திலேயே இனப்பெருக்க வயதை அடைந்துவிடுகிறது. தனி வகுப்பு என்று எண்ண வைத்தது, பாதியில் நின்ற வளர்ச்சி.

இரண்டாவது இனம் பஹாமாஸ் அருகே, 2,000 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது. மரம் துளைக்கும் சிப்பிகளை ஆராய்ந்த ரூத் டர்னர், சோதனைக்காகக் கடலடியில் வைத்த மரப்பலகைகளில் அது குடியேறியிருந்தது. 1988-ல் அதற்கு அவர் பெயரையே சூட்டினார்கள். பை போன்ற வயிறு அதற்கு உண்டு. மூன்றாவது இனம் வடகிழக்குப் பசிபிக்கிலிருந்து 2006-ல் விவரிக்கப்பட்டது.

இந்த மூன்று இனங்களும் கிடைத்தது மூழ்கிய மரத்தில்தான். கரையில் வளர்ந்த மரம் மக்கும்போது இவற்றுக்கு வீடும் சோறும் கிடைக்கின்றன. ஆழ்கடலைக் காக்க நினைப்பவர்கள் காட்டையும் ஆற்றையும் சேர்த்தே கணக்கில் கொள்ள வேண்டும்.