பழைய கேமரா வாங்கப் போறீங்களா? மெகா பிக்சலைப் பார்த்து ஏமாறாதீங்க!

கல்யாண வீடுகளில் போட்டோ எடுத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று சம்சாரத்தின் வளையலை அடகு வைத்து கேமரா வாங்கக் கிளம்புகிறார் ஒரு வாலிபர் என்று வைத்துக்கொள்ளுங்கள். புது கேமரா கட்டுப்படி ஆகாது. 'செகண்ட் ஹேண்ட்' டி.எஸ்.எல்.ஆர்.தான் கதி. கடைக்குள் நுழைந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மெகா பிக்சல் அண்ணே?"

கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்!

கேனன் 1500டி கேமராவில் 24.1 மெகா பிக்சல். கேனன் 200டி மார்க்-2 மாடலிலும் அதே 24.1. நைக்கான் டி3500, டி5600 இரண்டிலும் 24.2. நாலும் ஏறக்குறைய ஒண்ணுதான். அப்படியானால் விலை மட்டும் ஏன் ஒன்றாக இல்லை?

வித்தியாசம் எங்கே?

2018-ல் வந்த 1500டி, வினாடிக்கு 3 படம் எடுக்கும். மற்ற மூன்றும் 5 படம் எடுக்கும். தாலி கட்டும் நேரத்தில் இந்த இரண்டு படம் பெரிய விஷயம். மாப்பிள்ளை கண்ணை மூடிய படம்தான் மிஞ்சியது என்றால் பாக்கிப் பணம் வருமா?

அடுத்தது போகஸ். கண் வைத்துப் பார்க்கும் துவாரத்தில் 1500டி, 200டி மார்க்-2 இரண்டுக்கும் போகஸ் புள்ளிகள் 9. டி3500-க்கு 11. டி5600-க்கு 39.

மணவறையைச் சுற்றி சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொண்டால் கேமராவைத் தலைக்கு மேல் தூக்கித்தான் எடுக்க வேண்டும். 200டி மார்க்-2, டி5600 இரண்டிலும் பின்பக்கத் திரையை வெளியே இழுத்துத் திருப்பலாம். 1500டி, டி3500 திரைகள் அசையாது. குத்துமதிப்பாகத்தான் அமுக்க வேண்டும்.

'4கே' வீடியோ வேண்டும் என்றால் இந்த நாலில் 200டி மார்க்-2 மட்டும்தான். அதிலும் 4கே எடுக்கும்போது ஓரங்கள் வெட்டுப்படும்.

மோட்டார் இருக்கா?

நைக்கான் வாங்குகிறவர்கள் அவசியம் கவனிக்க வேண்டியது இது. டி3500, டி5600 கேமராக்களுக்குள் போகஸ் மோட்டார் கிடையாது. "மலிவா இருக்கு, எடுத்துக்கோங்க" என்று பழைய 50 மில்லிமீட்டர் 1.8-டி லென்சைக் கையில் கொடுத்தால், மாட்டலாம், படமும் எடுக்கலாம். ஆனால் போகஸை ஒவ்வொரு தடவையும் கையால் திருகணும்! ஓடும் குழந்தையை எப்படிப் பிடிப்பது? லென்சில் 'ஏ.எப்.-எஸ்' அல்லது 'ஏ.எப்.-பி' என்று போட்டிருந்தால் மோட்டார் லென்சுக்குள்ளேயே இருக்கிறது. டி7200, டி7500 மாடல்களில் கேமராவிலேயே மோட்டார் உண்டு.

கேனனில் இந்தத் தொல்லை இல்லை. 1987 முதல் வந்த 'ஈ.எப்.' லென்ஸ்களில் மோட்டார் லென்சுக்குள்தான்.

காசை எங்கே போடுவது?

கூட வருகிற 18-55 லென்ஸ் மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் திணறும். 55-ல் வைத்தால் அதன் திறப்பு 5.6. அதே இடத்தில் 1.8 லென்ஸ் ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சம் வாங்கும். ஆகவே விலை கூடிய கேமராவும் வெறும் 18-55 லென்சும் என்று வாங்குவதைவிட, நடுத்தரக் கேமராவும் கூட ஒரு 1.8 லென்சும் வாங்குவதே லாபம். குரூப் போட்டோவுக்கு 18-55 இருக்கவே இருக்கிறது.

எவ்வளவு ஓடிய வண்டி?

ஸ்கூட்டர் வாங்கினால் கிலோ மீட்டர் பார்க்கிறோம். கேமராவில் ஷட்டர் எண்ணிக்கை பார்க்க வேண்டும். நைக்கான் டி7500 ஷட்டர், 1 லட்சத்து 50 ஆயிரம் தடவை அடித்துச் சோதிக்கப்பட்டது. கல்யாணத்துக்கு 2 ஆயிரம் படம் என்றால் 75 கல்யாணம். விற்கிறவர் ஏற்கனவே 60 கல்யாணம் எடுத்திருந்தால்? நைக்கானில் ஒரு படம் எடுத்து, கம்ப்யூட்டரில் அதன் விவரத்தைப் பார்த்தால் எண்ணிக்கை தெரிந்துவிடும். கேனன் படங்களில் பெரும்பாலும் தெரியாது. சர்வீஸ் சென்டரில் கேட்க வேண்டும்.

லென்சுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை. வெள்ளைச் சுவரை, திறப்பு 16-ல் வைத்துப் படம் எடுங்கள். கரும்புள்ளி தெரிந்தால் உள்ளே தூசி.

மலிவுக்கு என்ன காரணம்?

கேனனும் நைக்கானும் டி.எஸ்.எல்.ஆர். வகையில் கடைசியாகப் புது மாடல் விட்டது 2020-ல். பிறகு 'மிரர்லெஸ்' பக்கம் திரும்பிவிட்டன. பழைய கேமரா நன்றாகவே படம் எடுக்கும். ஆனால் நாளைக்கு விற்கப் போனால் விலை இன்னும் இறங்கும். பேரம் பேசும்போது இதை மறக்கக்கூடாது.

பில் எங்கே?

சரக்கு சரியாக இருந்தாலும் சங்கதி முடியவில்லை. கேமராவில் உள்ள சீரியல் நம்பரும், பெட்டி, வாரண்டி கார்டு, பில்லில் உள்ள நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். ஆசாமி பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்கிறார், "பில் தொலைஞ்சு போச்சு" என்கிறார், பாதி விலைக்குத் தருகிறார் என்றால் உஷார்! திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படிச் சந்தேகிக்கக் காரணம் இருந்தும் நேர்மையின்றியோ வாங்கினால், 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை ஜெயில்.

கேமராவும் போகும். கொடுத்த காசும் போகும். போலீஸ் ஸ்டேஷன் அலைச்சல்தான் மிச்சம்!