மங்கலத்தின் மறுபக்கம்: செட்டிநாட்டுப் பெயரீட்டில் பழிப்பெயரும் பட்டப்பெயரும்

ஆய்வுச் சுருக்கம்

கேட்டவுடன் நகைப்பைத் தூண்டும் இயற்பெயர்களும் அவற்றையொட்டி எழும் பட்டப்பெயர்களும் ஏளனத்தின் வெளிப்பாடாக மட்டுமே பெரும்பாலும் நோக்கப்படுகின்றன. செட்டிநாட்டுப் பெயரீட்டு மரபை முதன்மைக் களமாகக் கொள்ளும் இக்கட்டுரை, இப்பெயர்களைக் காப்புப்பெயர், வெறுப்புப்பெயர், வேறுபடுத்தும் பட்டப்பெயர் என மூவகையாகப் பிரிக்கிறது. நன்னூல் கூறும் மரூஉ, மங்கலம், குழூஉக்குறி ஆகிய வழக்குகளின் துணைகொண்டு அவற்றின் இயல்பை விளக்குகிறது. பெயர் யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது என்பதே இவற்றைப் பிரித்தறியும் அளவுகோல் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: செட்டிநாடு, கொத்தமங்கலம், பட்டப்பெயர், காப்புப்பெயர், மங்கலம், குழூஉக்குறி, விலாசம்

முன்னுரை

பெயர் என்பது ஒருவர் தாமாகத் தேர்ந்துகொள்ளாத முதல் உடைமை. இட்டவர் ஒரு நோக்கத்தோடு இடுகிறார். சுமப்பவர் வேறொரு காலத்தில் சுமக்கிறார். இவ்விரண்டிற்கும் இடையிலான தொலைவு மிகும்போது பெயர் நகைப்பிற்கு உரியதாகிவிடுகிறது. குப்புசாமி, பிச்சை, மண்ணாங்கட்டி, அமாவாசை, போதும்பொண்ணு ஆகிய பெயர்கள் வகுப்பறையில் ஒரே வகையான சிரிப்பையே எழுப்புகின்றன. ஆயின் அவை பிறந்த சூழல்கள் ஒன்றல்ல. அச்சூழல்களை வேறுபடுத்தி அறியாதவிடத்துச் சிரிப்பும் தவறாகிறது, இரக்கமும் தவறாகிறது.

பெயரன் என்னும் சொல்லும் பெயர்ப் பற்றாக்குறையும்

பேரன் என வழங்கும் சொல் ‘பெயரன்’ என்பதன் மரூஉ ஆகும். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் பெயரன். தமிழகத்தின் பல சமூகங்களிலும் காணப்படும் இவ்வழக்கத்தை நகரத்தார் உறுதியாகப் பேணிவந்துள்ளனர். மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயரும் அடுத்த மகனுக்குத் தாய்வழிப் பாட்டனின் பெயரும் இடுவது மரபு. பெண்மக்களுக்கும் இவ்வாறே பாட்டியர் பெயர்கள் வந்து சேர்கின்றன. எனவே சொக்கலிங்கம், சாத்தப்பன், லெட்சுமணன், அழகப்பன், மெய்யம்மை, உண்ணாமலை, விசாலாட்சி, சிகப்பி முதலிய பெயர்களே தலைமுறைதோறும் சுழன்று வருகின்றன.

இதனால் இரண்டு சிக்கல்கள் தோன்றின. முதலாவது, ஒரே ஊரில் ஒரே பெயருடையோர் பலராயினர். இரண்டாவது, மாமனார் பெயரைச் சொல்லலாகாது என்னும் வழக்கத்தால் தன் மகனையே பெயர் சொல்லி அழைக்க இயலாத நிலை மருமகளுக்கு ஏற்பட்டது. முதற் சிக்கலுக்கு எழுத்துலகில் விடையாக அமைந்தது ‘விலாசம்’. தந்தை, பாட்டன் ஆகியோரின் பெயர் முதலெழுத்துகளை நிரலாகக் கோத்து எழுதும் முறை இது. பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளில் வட்டித்தொழில் செய்த நகரத்தாரின் நிறுவனங்கள் விலாசத்தாலேயே அறியப்பட்டன. பல நிறுவனத்தார் ஒருங்கே தொழில் நடத்திய கிட்டங்கிகளில் வெறும் பெயரைக் கொண்டு ஆளை அடையாளம் காண முடியாது என்பதை எண்ணினால் இதன் தேவை விளங்கும். விலாசமே பெயராக மாறியதும் உண்டு. நெற்குப்பையைச் சேர்ந்த எழுத்தாளர் சோம. லெட்சுமணன், ‘சோமலெ’ என்ற சுருக்கத்தாலேயே தமிழுலகில் நிலைபெற்றார்.

பேச்சுலகில் இரு சிக்கல்களுக்கும் விடையாக அமைந்தது பட்டப்பெயர். விலாசம் கணக்கேட்டில் செய்த பணியைத் தெருவில் பட்டப்பெயர் செய்தது. மூன்று சொக்கலிங்கங்கள் வாழும் ஊரில் உயரத்தால் ஒருவரும், கடல் கடந்து சென்ற ஊரால் ஒருவரும், அடிக்கடி சொல்லும் ஒரு சொல்லால் ஒருவரும் பிரித்தறியப்படுவது இயல்பே. இங்கு ஏளனம் துணை விளைவே. அடையாளமே முதல் நோக்கம்.

கொத்தமங்கலம்: ஊர் பெயராதல்

காரைக்குடி வட்டாரத்திலுள்ள நகரத்தார் ஊர்களுள் ஒன்றாகிய கொத்தமங்கலம், கலையுலகத்தார் இருவரின் பெயர்களில் முன்னொட்டாக நிலைத்துள்ளது. ஒருவர் ‘ஒளவையார்’ (1953) திரைப்படத்தை இயக்கிய கொத்தமங்கலம் சுப்பு. மற்றவர் நடிகரும் பாடகருமான கொத்தமங்கலம் சீனு. இருவருமே அவ்வூரில் பிறந்தவர்கள் அல்லர். சுப்பு கன்னாரியேந்தலிலும் சீனு வற்றாயிருப்பிலும் பிறந்தவர்கள். சுப்பிரமணியன் சுப்புவாகவும் சீனிவாசன் சீனுவாகவும் குறுகியது மரூஉ. அக்குறுக்கம் பலருக்கும் பொதுவாகிவிடுவதால் ஊர்ப்பெயர் முன்வந்து வேறுபடுத்தியது. வீட்டில் அழைக்கும் பெயரும் ஊரார் ஒட்டிய அடையாளமும் இணைந்து பொதுப்பெயராக உயர்ந்தமைக்கு இவை தக்க சான்றுகள். ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடரைச் சுப்பு ‘கலைமணி’ என்னும் புனைபெயரில் எழுதினார். எனினும் மக்கள் நினைவில் நிற்பது ஊர் ஒட்டிய பெயரே.

தொல்காப்பியப் பெயரியல், உயர்திணைப் பெயர்களை வகைப்படுத்துமிடத்து நிலப்பெயர், குடிப்பெயர், பண்புகொள் பெயர் முதலியவற்றோடு ‘கூடிவரு வழக்கின் ஆடியற் பெயர்’ என ஒன்றையும் குறிப்பிடுகிறது. இளையோர் கூடி விளையாடும்போது தமக்குள் இட்டுக்கொள்ளும் பெயர் இது என்பர் உரையாசிரியர்கள். ஆடியற் பெயர் ஆட்டத்தின் அளவிற்கே உரியது. பட்டப்பெயரோ ஆட்டம் முடிந்தும் கலையாத பெயர். முன்னது தாமே ஏற்பது. பின்னது பிறர் இடுவது. பட்டப்பெயரின் சுவையும் வலியும் இவ்வேறுபாட்டிலேயே தோன்றுகின்றன.

சங்கப் புலவர் பெயர்களிலும் இவ்விரு கூறுகளையும் காணலாம். குப்பைக் கோழியார், செம்புலப் பெயனீரார், விட்ட குதிரையார் ஆகியோர் தம் பாடல் உவமையால் பெயர் பெற்றனர். முடமோசியார், முடத்தாமக்கண்ணியார், நரிவெரூஉத் தலையார் ஆகிய பெயர்களோ உடலமைப்பைச் சுட்டுவனவாகக் கருதப்படுகின்றன. உடற்குறையைச் சுட்டும் சொல்லோடு மரியாதைப் பன்மையின் ‘ஆர்’ விகுதி இணைந்து நிற்பது கவனிக்கத்தக்கது.

காப்புப்பெயர்: மங்கல வழக்கின் தலைகீழ் வடிவம்

அமங்கலமானதை நல்ல சொல்லால் குறிப்பது மங்கல வழக்கு. செத்தாரைத் துஞ்சினார் என்பதும் சுடுகாட்டை நன்காடு என்பதும் இதன்பாற்படும். பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில் அடுத்த குழந்தைக்கு இடப்படும் பெயர் இதற்கு நேர்மாறானது. அங்கு மிக அரியது மிக இழிந்ததாகச் சொல்லப்படுகிறது. குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்துக் குப்பன், குப்பம்மாள் எனப் பெயரிடுவர். மூக்குக் குத்தி மூக்கன், மூக்காயி என்பர். பிறரிடம் கொடுத்துத் தவிட்டுக்கு விலைக்கு வாங்குவது போன்ற சடங்கு செய்வர். பிச்சையாகப் பெற்றதாகக் கருதிப் பிச்சை என்பர். ‘இது எடுத்துச் செல்லத் தக்கதன்று’ எனக் கூற்றுவனையும் கண்ணேறையும் நோக்கிச் சொல்லப்படும் பொய்யே இப்பெயர். அன்பு தன்னை மறைத்துக்கொள்ள இகழ்ச்சியின் ஆடையை அணிகிறது.

இவ்வழக்கு தமிழர்க்கு மட்டும் உரியதன்று. சீன நாட்டுப்புறங்களில் ‘நாய் தின்று எஞ்சியது’ என்னும் பொருள்படும் பெயர் குழந்தைகளுக்கு இடப்பட்டதுண்டு. மேற்கு ஆப்பிரிக்க யொரூபா மக்கள், பிறந்து பிறந்து இறப்பதாக நம்பப்பட்ட குழந்தைக்கு ‘இனி இறவான்’ என்னும் பொருளில் ‘கொக்குமோ’ எனப் பெயரிட்டனர். குழந்தை இறப்பு மலிந்திருந்த சமூகங்கள் ஒரே அச்சத்திற்கு ஒத்த விடைகளைக் கண்டுள்ளன.

பொருள் மறைதலும் கதை பிறத்தலும்

சில பெயர்கள் இடப்பட்டபோது நகைப்பிற்குரியவை அல்ல. காலம் அவற்றை அவ்வாறு ஆக்கியது. செட்டிநாட்டில் பெருவழக்கான ‘உண்ணாமலை’ என்பது திருவண்ணாமலையில் உறையும் உண்ணாமுலை அம்மன் பெயரின் திரிபு. மூலம் மறந்த காதுகளுக்கு அது ‘உண்ணாமல்’ என்று ஒலிக்கிறது. சாத்தப்பன் என்பதிலுள்ள ‘சாத்தன்’ சங்ககாலம் தொட்டு வழங்கும் பழம்பெயர். இன்றைய பேச்சில் ‘சாத்து’ என்பது அடித்தலைக் குறிப்பதால் கேலிக்கு இடமாகிறது.

பொருள் மறைந்தவிடத்தில் கதை நுழைவதும் உண்டு. பிறர் நூல்களில் பிழை காணுந்தோறும் எழுத்தாணியால் தம் தலையில் குத்திக்கொண்டதால் சீழ் வடிந்த தலையர் ஆனார் என்பது சீத்தலைச் சாத்தனாரைப் பற்றிய கதை. சீத்தலை என்பது ஊர்ப்பெயர் என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. நிலப்பெயர் ஒன்று உடற்குறைப் பெயராகப் பிறழ உணரப்பட்டு, அப்பிறழ்ச்சியை விளக்க ஒரு வாழ்க்கைக் கதையே புனையப்பட்டமை இதனால் தெளிவாகும். பட்டப்பெயர்களின் தோற்றம் குறித்து ஊர்களில் வழங்கும் கதைகளை ஆய்வாளர் அப்படியே ஏற்கலாகாது என்பதற்கு இஃதோர் எச்சரிக்கை.

வெறுப்புப்பெயர்

போதும்பொண்ணு, வேண்டாம் போன்ற பெயர்கள் புறத்தோற்றத்தில் காப்புப்பெயர்களை ஒத்திருப்பினும் இயல்பில் வேறானவை. காப்புப்பெயர் கூற்றுவனை நோக்கியது. அதன் வேண்டுகோள் ‘இக்குழந்தை வாழவேண்டும்’ என்பது. வெறுப்புப்பெயர் அடுத்த பிறப்பை நோக்கியது. ‘அடுத்தது ஆணாகவேண்டும்’ என்பது அதன் வேண்டுகோள். முன்னதில் குழந்தையே பயன் பெறுபவள். பின்னதில் அவள் வெறும் அறிவிப்புப் பலகை. பள்ளி வருகைப்பதிவில் நாள்தோறும் தான் வேண்டப்படாதவள் என்பதற்கு அவளே ‘உள்ளேன்’ என விடை கூறவேண்டியிருக்கிறது.

மகாராட்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில் ‘வேண்டாதவள்’ எனப் பொருள்படும் ‘நகுசா’ என்னும் பெயர் தாங்கிய 285 சிறுமியர்க்கு 2011ஆம் ஆண்டு பொதுவிழா ஒன்றில் புதுப்பெயர்கள் சூட்டப்பட்டன. தமிழ்நாட்டில் எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறையின் வழியாக அரசிதழில் அறிவிப்பு வெளியிட்டுப் பெயரை மாற்றிக்கொள்ள இயலும். எனினும் அரசிதழ் இயற்பெயரை மாற்றுமேயன்றி, அப்பெயரால் ஊரில் விளைந்த பட்டப்பெயரை மாற்றுவதில்லை.

குழூஉக்குறியும் ஆவணமும்

பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது போல, ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் வழங்குவது குழூஉக்குறி. பட்டப்பெயரும் அத்தகையதே. அதன் பொருளை அறிந்தவர் அவ்வூரார் ஆகிறார். ஒரே பட்டப்பெயர் பங்காளிகள் வாயில் உரிமையாகவும் அயலார் வாயில் அவமதிப்பாகவும் ஒலிப்பதன் காரணம் இதுவே.

ஆவணங்களில் பட்டப்பெயர்க்கு உள்ள ஒரே வாயில் ‘என்கிற’ என்னும் சொல்லும் அதன் சுருக்கமாகிய ‘(எ)’ என்னும் குறியுமே. நிலப் பத்திரங்களிலும் நீதிமன்ற ஆவணங்களிலும் இவ்வாறு இரு பெயர்கள் இணைக்கப்படுகின்றன. ஆயினும் ஒருவர் தாமே ஒப்பும் மாற்றுப்பெயரைத்தான் தம் பத்திரத்தில் ஏறவிடுவார். முதுகுக்குப் பின் வழங்கும் பெயர் ஏடேறுவதில்லை. ஊர் விட்டுப் பெயர்ந்தோர் பெருகியுள்ள செட்டிநாட்டில், பட்டப்பெயர்களை அறிந்த முதியோருடன் அவற்றின் பொருளும் மறைந்துவருகிறது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. பாட்டன் பெயரைச் சுழற்றும் மரபினால் எழுந்த பெயர்ப் பற்றாக்குறைக்கு எழுத்தில் விலாசமும் பேச்சில் பட்டப்பெயரும் விடைகளாயின. காப்புப்பெயர் கூற்றுவனையும், வெறுப்புப்பெயர் வரப்போகும் குழந்தையையும், பட்டப்பெயர் ஊரையும் நோக்கியவை. மூன்றிலும் பெயர் தாங்குபவரை நோக்கிச் சொல்லப்பட்டது எதுவும் இல்லை. அப்பெயரின் விளைவைச் சுமப்பவர் மட்டும் அவரே. ஆதலின் பட்டப்பெயர்களைத் தொகுக்க முனையும் கள ஆய்வாளர், ‘இப்பெயரின் பொருள் என்ன?’ என ஊராரிடம் வினவுவதோடு அமையாது, ‘இப்பெயரால் அழைக்கப்பட விரும்புகிறீர்களா?’ என உரியவரிடமும் வினவுதல் வேண்டும். அவர் மறுக்கும் பெயர் வழக்கின் வகையாகப் பதிவு பெறலாம். அவரைச் சுட்டும் அடையாளமாக அச்சேறலாகாது.