இல்லறத்தார் ஒருவர் கண்ட நிறைவு

அம்பத்தூர் தொழிற்பேட்டைச் சாலைகளில் பொழுது புலருமுன்னரே நடமாட்டம் தொடங்கிவிடுகிறது. முதல் ஷிப்டுக்கு விரைவோர் ஒருபுறம். இரவு ஷிப்டு முடித்துக் களைத்துத் திரும்புவோர் மறுபுறம். ஆவடியிலிருந்து வரும் மின்சார ரயிலில் நிற்கவும் இடமில்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலையிலோ பேருந்து நெரிசல். இத்தனை பேரும் எதற்காக ஓடுகின்றனர்? ஒரு மனை, அதில் ஒரு வீடு, பிள்ளைகளுக்கு நல்ல படிப்பு, பெண்ணுக்கு நல்ல இடத்தில் திருமணம். இவற்றை விரும்புவது பாவமன்று. உழைத்துப் பெறுவது பெருமையே.

ஆயினும், வீடு கட்டி, கடனும் அடைத்துத் தீர்த்த பின்னர், ஒரு மாலை வேளையில் தனித்து அமர்ந்திருக்கையில், "இவ்வளவுதானா வாழ்க்கை?" என்ற வினா நெஞ்சில் எழுவதுண்டு. அன்பு வாசகரே, உமக்கும் அது எழுந்திருக்கலாம். நம்மைப் போலவே இல்லறம் நடத்தி, அலுவல் பார்த்த ஒருவரின் வாழ்வில் அதற்கு விடை உண்டு.

அவரே புனித தேவசகாயம். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712 ஏப்ரல் 23 அன்று பிறந்தார். இயற்பெயர் நீலகண்டன். வசதியும் செல்வாக்கும் மிக்க குடும்பம். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் அரசில் அலுவல். அன்பு மனைவி பார்கவி. பிறர் கண்டு ஏங்கத்தக்க வாழ்வுதான். ஆனால் குடும்பத்தில் அடுத்தடுத்துப் பொருளிழப்பு நேர்ந்தபோது அவர் மனம் ஒடிந்துபோனார். வாடிய முகத்தைக் கண்டு காரணம் கேட்டார் நண்பர் டிலனாய். 1741-ஆம் ஆண்டு குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின்னர் அதே மன்னரின் படைக்குப் பயிற்சியளித்த டச்சுப் படை அதிகாரி அவர். எல்லாவற்றையும் இழந்தும் இறைவனை இழக்காத யோபுவின் வரலாற்றை அவர் எடுத்துரைத்தார். அச்சொற்கள் நீலகண்டனின் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில், இயேசு சபையைச் சேர்ந்த புத்தாரி அடிகளாரிடம் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். மனைவியும் ஞானப்பூ என்னும் பெயருடன் திருமறையில் சேர்ந்தார்.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். திருமுழுக்குப் பெற்றதும் அவர் மனைவியைத் துறந்து காட்டுக்குச் செல்லவில்லை. மாறியது அவருடைய பந்தி. தீண்டத்தகாதவர் என்று அக்காலம் தள்ளி வைத்திருந்தோருடன் சமமாய்ப் பழகினார். அவர்களோடு அமர்ந்து உண்டார். கிறிஸ்துவின் சீடன் என்பதற்கு அவர் கண்ட பொருள் அதுவே. உயர்ந்தோர் எனத் தம்மைக் கருதியோர் அதைப் பொறுக்கவில்லை. 1749-இல் அவர் சிறைப்பட்டார். எருக்கம்பூ மாலை சூட்டி, எருமைமீது ஏற்றி, ஊர் ஊராய் இழுத்துச் சென்றனர். பெருவிளையில் வேப்பமரத்தில் சங்கிலியால் பிணித்தனர். அந்நிலையிலும் தம்மைக் காண வந்த எளியோருக்கு அவர் ஆறுதல் கூறி, அவர்களுக்காக வேண்டினார் என்பது வழிவழியாய் வரும் செய்தி. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றனர். கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டுள்ளது.

எண்ணிப் பாருங்கள். அரண்மனை அலுவலில் இருந்தபோது, சொத்து குறைந்ததற்கே அவர் முகம் வாடியது. சங்கிலியில் கிடந்தபோதோ, பிறருக்கு ஆறுதல் தரும் அளவுக்கு உள்ளம் நிறைந்திருந்தது! தமக்கென்று சேர்த்தபோது கிட்டாத நிறைவு, தம்மையே கொடுத்தபோது கிட்டிற்று.

2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். புனிதர்களின் வரிசையில் ஏறிய அப்பெயருடன் சாதிப் பெயர் சேர்க்கப்படவில்லை. நம் வீடுகளிலோ? சுவரில் அவர் படம் தொங்குகிறது. கீழே, வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குத் தனித் தம்ளர் இருக்கிறது. பெண்ணுக்கு வரன் தேடும்போது, ஞாயிறு திருப்பலிக்குப் போகும் பிள்ளையா என்று கேட்குமுன் என்ன சாதி என்று கேட்கிறோம். நம் தெருக்கோடியில், வடமாநிலங்களிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்த இளைஞர் பலர் ஒரே அறையில் முடங்கிக் கிடக்கின்றனர். அவர்களில் ஒருவர் பெயரேனும் நமக்குத் தெரியுமா? ஞாயிறன்று ஆலயத்தின் கடைசி வரிசையில் நின்றுவிட்டு அவர்களில் சிலர் போய்விடுவதும் உண்டு.

தேவசகாயத்தைப் போல் உயிரைக் கொடுக்குமாறு இன்று நம்மை எவரும் கேட்கவில்லை. பந்தியில் ஓர் இடம் கொடுக்கவே ஆண்டவர் கேட்கிறார். இவ்வாரம் அந்தத் தனித் தம்ளரை எடுத்து மற்றவற்றோடு சேர்த்து வைப்போம். வரும் ஞாயிறு, கடைசி வரிசையில் நிற்கும் தம்பியின் பெயரைக் கேட்டு, மதிய உணவுக்கு வீட்டிற்கு அழைத்து வருவோம். அவருக்கு இலை போட்டு, நாமும் அவரருகே அமர்ந்து உண்போம். "இவ்வளவுதானா வாழ்க்கை?" என்ற வினாவுக்கு விடை அந்தப் பந்தியில் தொடங்கும்.