2147483647: கம்ப்யூட்டர் எண்ணி முடிக்கும் இடம்

உங்கள் கம்ப்யூட்டரில் கால்குலேட்டரைத் திறந்து, சயின்டிபிக் பிரிவிற்குச் செல்லுங்கள். 2-ன் 31ஆவது அடுக்கைக் கண்டறிந்து, அதிலிருந்து 1-ஐக் கழித்திடுங்கள். 2147483647 என்ற எண் கிடைக்கும். அதாவது 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. இந்த எண்ணில் என்ன சிறப்பு?

முதலாவதாக, இது ஒரு பகா எண். 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாது. இதனை வழக்கமான முறையில் சோதிக்க, 46,340 வரையுள்ள 4,792 பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். கணித மேதை ஆய்லர் ஒரு குறுக்கு வழி கண்டார். இந்த எண்ணுக்குப் பகா வகுஎண் இருந்தால், அதனை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 ஆகத்தான் இருக்கும். எனவே அதிகபட்சம் 372 வகுத்தல்கள் போதும். இது பகா எண்தான் என்பதை 1772ல் பெர்னோலிக்கு எழுதிய கடிதத்தில் அவர் தெரிவித்தார்.

இதனை 2-ன் 30ஆவது அடுக்கால் பெருக்கினால் 2305843008139952128 கிடைக்கும். தன்னைத் தவிர்த்த மற்ற வகுஎண்களைக் கூட்டினால் தானே விடையாக வரும் நிறைவு எண் இது; 6 = 1+2+3 என்பது போல.

சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம். 2147483647-ஐ பைனரியில் எழுதினால் வரிசையாக 31 ஒன்றுகள் வரும். பல புரோகிராம்கள் ஒரு முழு எண்ணுக்கு 32 பிட் இடம் ஒதுக்குகின்றன. ஒரு பிட் கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விடும். மீதி 31 பிட்களும் நிரம்பினால் இந்த எண்தான். மேலும் 1 கூட்டினால், சில புரோகிராம்கள் 'ஓவர்புளோ' என்று பிழைச் செய்தி தரும். சில, எதுவும் சொல்லாமல் -2147483648 என்று காட்டும். 2014 டிசம்பரில் 'கங்னம் ஸ்டைல்' வீடியோவைப் பார்த்தோர் எண்ணிக்கை இந்த எல்லையைத் தாண்டியதாகவும், அதனை 64 பிட்டுக்கு மாற்றியதாகவும் யூ-டியூப் அறிவித்தது.

பகா எண் என்பதால்தான் இது எல்லையானதா? இல்லை. 64 பிட் எல்லையான 9223372036854775807, 7-ஆல் மீதியின்றி வகுபடும்.

நம்மைப் பாதிக்கக்கூடியது கடிகாரம்தான். யூனிக்ஸ் வழி வந்த சிஸ்டங்கள் நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளாக எண்ணுகின்றன. 32 பிட்டில் எண்ணும் சாதனங்களில், 2038 ஜனவரி 19 அன்று இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு இந்த எல்லை வந்துவிடும். அடுத்த விநாடியில் தேதி 1901 டிசம்பருக்குத் தாவலாம்.

64 பிட்டில் நேரத்தைக் கணக்கிடும் சிஸ்டங்களுக்கு இந்தக் கவலை இல்லை. வீட்டில் உள்ள பழைய ரவுட்டர், கேமரா ரெக்கார்டர் போன்றவற்றிற்கு பெர்ம்வேர் அப்டேட் உள்ளதா எனப் பார்த்து வையுங்கள். தேதியை 2038க்கு மாற்றிச் சோதிக்கும் ஆசை வந்தால், முக்கிய பைல்கள் உள்ள கம்ப்யூட்டரில் மட்டும் வேண்டாம்.