வயிற்றில் ஏறி வந்த கப்பல்

உள்ளே ஒரு வெளிச்சம் – 9

கேமரன் மலைத் தோட்டங்களில் வயிற்றுக் கோளாறு எதுவானாலும் பெயர் ஒன்றுதான்: காஸ்ட்ரிக். சாப்பிட்டால் வலிக்கிறதா, காஸ்ட்ரிக். சாப்பிடாவிட்டால் வலிக்கிறதா, அதுவும் காஸ்ட்ரிக். நெஞ்சு எரிந்தாலும், புளித்த ஏப்பம் வந்தாலும், நடுராத்திரியில் வலி ஆளை எழுப்பி உட்கார வைத்தாலும் அதே பேர். மருந்தும் ஒன்றேதான். தோட்டத்து டிரெசர் சீசாவைக் குலுக்கி ஊற்றிக் கொடுக்கும் வெள்ளை மருந்து. மக்னீசியம் டிரைசிலிகேட் மிக்சர். குடித்தால் அமிலம் கொஞ்சம் அடங்கும், வலி தணியும், மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய்விடலாம். மறுவாரம் திரும்ப வரும்.

டிரெசரைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. அவர் டாக்டர் அல்ல. ஆனால் டாக்டர் எட்டாத இடத்தில் பிரசவம் முதல் பாம்புக்கடி வரை பார்த்தவர். தோட்டத்து மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய மலேசியாவில் 1965-ல் தனிச் சட்டமே போட்டார்கள் என்றால் அவர்களை நம்பி எத்தனை லயன் வீடுகள் இருந்திருக்கும்! அவர் கையில் இருந்தவை ஸ்டெதஸ்கோப்பும் பத்து விரல்களும். பட்டணத்துப் பெரிய டாக்டர்கூட அந்தக் காலத்தில் பேரியம் குடிக்க வைத்து, எக்ஸ்ரேயில் விழுந்த நிழலைப் பார்த்துத்தான் புண் இருக்கிறது, இல்லை என்று சொன்னார்.

வயிற்றுக்குள் நேராகவே எட்டிப் பார்க்க முதலில் வந்த விறைப்பான குழாய்களின் கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். வாள் விழுங்குகிறவரின் தொண்டை எல்லாருக்கும் வாய்க்காது என்பதோடு நிறுத்தியிருந்தோம். 1932-ல் ருடால்ஃப் ஷிண்ட்லர் கீழ்ப்பகுதி மட்டும் ஓரளவு வளையும் கருவியைக் கொண்டுவந்தார். முழுக்க வளையும் குழாய் வேண்டுமானால் வெளிச்சமும் அதோடு சேர்ந்து வளைய வேண்டும். பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் ஹெரால்ட் ஹாப்கின்ஸிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, மெல்லிய கண்ணாடி இழைகளைக் கட்டாகக் கட்டி அதன் வழியே ஒரு படத்தையே அனுப்பிக் காட்டினார். 1954 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் இருவர் பெயரிலும் அது வந்தது. ஓர் இழை படத்தின் ஒரு புள்ளியைச் சுமக்கும். கட்டின் இரண்டு முனையிலும் இழைகள் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். தறியில் பாவு நூல் இடம் மாறினால் சேலைக் கரைக்கு நேர்வதுதான் இங்கே படத்துக்கும் நேரும்.

அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு இங்கிலாந்துக்கே போய் அவர்களைப் பார்த்தவர், தென்னாப்பிரிக்காவில் பிறந்த பேசில் ஹிர்ஷோவிட்ஸ். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வேலையைத் தொடங்கினார். வெற்று இழையில் வெளிச்சம் பக்கத்து இழைக்குக் கசிந்து படம் மங்கியது. அங்கே இளநிலை படித்துக்கொண்டிருந்த லாரி கர்ட்டிஸ், ஒவ்வோர் இழைக்கும் வேறு வகைக் கண்ணாடியில் மேலுறை போட்டு 1956 கடைசியில் அந்தக் கசிவை அடைத்தார். 1957 பிப்ரவரியில் தயாரான குழாயை ஹிர்ஷோவிட்ஸ் முதலில் தாமே விழுங்கிப் பார்த்தார். அதன் பிறகே நோயாளிக்கு. கண்டுபிடித்தவர் விழுங்கிக் காட்டாத கருவியை அடுத்தவர் வாயில் விடக்கூடாது என்று சட்டம் போட்டால்கூடத் தப்பில்லை.

1983-ல் இழைக்கட்டின் இடத்தில் குழாயின் நுனியிலேயே கேமரா சிப் வந்து உட்கார்ந்தது. அதுவரை டாக்டரின் ஒற்றைக் கண்ணுக்கு மட்டும் தெரிந்த வயிறு, அறையில் இருக்கிற எல்லாருக்கும் திரையில் தெரிந்தது.

இன்றைக்கு மலேசிய ஆஸ்பத்திரியில் ‘ஸ்கோப் போடணும்’ என்றால் இதுதான். சீட்டில் ஓ.ஜி.டி.எஸ். என்று எழுதியிருக்கும். கறுப்புக் குழாய், நீளம் ஒரு மீட்டர் சொச்சம், பருமன் ஒரு சென்டிமீட்டருக்குள். டாக்டர் பிடியை இடக்கையில் பிடித்திருப்பார். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சக்கரங்கள். பெருவிரல் பெரிய சக்கரத்தைத் திருப்பினால் நுனி மேலும் கீழும் வளையும், சின்னதைத் திருப்பினால் இடம் வலம். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இரண்டு பொத்தான்கள்: ஒன்று காற்றும் தண்ணீரும் விட, மற்றொன்று உறிஞ்ச. வலக்கை குழாயை உள்ளே தள்ளும், முறுக்கும். நுனி 210 பாகை வரை மேலே வளையும் என்பதால் இரைப்பைக்குள் போன குழாய் திரும்பித் தான் நுழைந்த வாசலையே பார்க்கும். பலருக்குத் தொண்டையில் மரத்துப்போக ஸ்பிரே அடிப்பதோடு சரி. ஐந்து பத்து நிமிட வேலை. குமட்டும், கண்ணில் தண்ணீர் வரும், வலிக்காது.

குழாய்க்குள் இன்னொரு மெல்லிய வழி உண்டு, 2.8 மில்லிமீட்டர். அதன் வழியே சின்னக் கிடுக்கியை விட்டு இரைப்பைச் சுவரில் துளியூண்டு சதையைக் கிள்ளி எடுப்பார்கள். அரிசி நொய் அளவுகூட இராது. அதை ஒரு சிறு பிளாஸ்டிக் தட்டில் இருக்கும் மஞ்சள் ஜெல்லுக்குள் தாதி ஊசி முனையால் அழுத்திப் புதைப்பார். ஜெல்லில் யூரியாவும் நிறம் மாறும் சாயமும் இருக்கின்றன. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி அந்தச் சதையில் இருந்தால் யூரியாவை உடைத்து அமோனியா விடும். மஞ்சள் மெல்ல ரோஸ் ஆகும். கிருமி நிறைய இருந்தால் நோயாளி எழுந்து முகம் கழுவி வருவதற்குள்ளேயே.

இந்தக் கிருமியை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982-ல் வளர்த்தெடுத்தார்கள். ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகளை வழக்கத்தைவிட அதிக நாள் விட்டுவைத்ததால்தான் அது வளர்ந்தே வந்தது. 1984-ல் மார்ஷல் அதைக் குடித்துத் தம் வயிற்றையே கெடுத்துக்கொண்டு நிரூபித்தார். 2005-ல் நோபல். வயிற்றுப்புண்ணுக்குக் காரமும் கவலையும் காரணம் என்ற பேச்சு அதோடு அடங்கியது.

நம் கதை இங்கேதான் தொடங்குகிறது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் குடல் மருத்துவர் கோ கியான் லீயும் நுண்ணுயிரியல் அறிஞர் பராசக்தியும் யார் யாருக்கு இந்தக் கிருமி இருக்கிறது என்று பல ஆண்டுகள் பார்த்து வந்தார்கள். உலகமெல்லாம் சொன்ன விதி: ஏழ்மை, நெரிசல், அசுத்தத் தண்ணீர் இருந்தால் கிருமி இருக்கும். மலேசியாவில் அந்த விதி பாதிதான் பொருந்தியது. கிளந்தானில் எளிய மலாய்க் கிராமத்தவர்களிடம் கிருமி மிக அரிது. உலகத்திலேயே மிகக் குறைவான இடங்களில் அது ஒன்று. இந்தியர்களிடமோ மிக அதிகம், சீனர்களிடம் அதற்கு அடுத்து. வருமானத்தையும் படிப்பையும் கழித்துப் பார்த்தாலும் இந்த வித்தியாசம் நின்றது. 2001-ல் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை அதற்கு ஒரு விளக்கம் வைத்தது: கிருமி இந்த மண்ணினுடையது அல்ல. தென்சீனத்திலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்தும் வந்தவர்களின் வயிற்றோடு வந்தது. அந்தந்தக் குடும்பத்துக்குள்ளேயே தாயிடமிருந்து பிள்ளைக்கு இறங்கியது.

2009-ல் வந்த மரபணு ஆய்வு இதை இன்னும் நெருங்கிப் பார்த்தது. ஸ்கோப் வழியே எடுத்த சதையிலிருந்து வளர்த்த கிருமிகளை இனவாரியாகப் பிரித்து ஒப்பிட்டார்கள். மலேசியச் சீனர்களின் கிருமி கிழக்காசிய வகை. மலேசிய இந்தியர்களின் கிருமி இந்தியாவில் உள்ள கிருமியோடு ஒரே கிளையில் உட்கார்ந்தது. மலாய்க்காரர்களிடம் கிடைத்ததில் பெரும்பகுதியும் அதே இந்தியக் கிளைதான். அண்மைக்காலத்தில் ஒட்டியது என்பது ஆய்வாளர்கள் முடிவு. ஒரே ஊரில் பழகி, ஒன்றாகச் சாப்பிட்டு வாழ்ந்ததன் தடம் இப்படியும் பதிகிறது.

கேமரன் மலைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஜே.ஏ. ரஸ்ஸல் 1929-ல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். நான்கு ஆண்டு கழித்து பாரத் தோட்டம். காட்டை வெட்டிக் கன்று நட ஆள் வேண்டும். ஆள் கட்டும் கங்காணிகளின் காலம் அது. கூலியாட்களை இப்படி அனுப்புவதை இந்திய அரசு 1938-ல் நிறுத்தும்வரை ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறி, ரஜூலா போன்ற கப்பல்களின் கீழ்த்தட்டில் படுத்து, பினாங்கில் இறங்கி, தாப்பாவிலிருந்து மலையேறினார்கள். கொண்டுவந்தது ஒரு தகரப்பெட்டி. குலசாமியின் திருநீறு. அதோடு, சிறுபிள்ளையில் அம்மா வாயிலிருந்து ஊட்டிய சோற்றோடு போன கிருமியும். ஒற்றை அறை லயனில் ஏழெட்டுப் பேர், பொதுக் குழாயடி, பொது வாளி. இறங்கிய கிருமி அடுத்த தலைமுறைக்கும் போக இதைவிட வசதி வேண்டுமா? பேர்ப்பதிவுப் புத்தகங்கள் செல்லரித்துப்போன குடும்பங்களுக்கும் எந்தக் கரையிலிருந்து வந்தார்கள் என்ற குறிப்பு வயிற்றில் இருந்திருக்கிறது. படிக்கக் குழாய் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

இதில் அவிழாத முடிச்சு ஒன்று உண்டு. இந்தக் கிருமி இரைப்பைப் புற்றுநோய்க்கும் காரணம். அப்படியானால் மலேசியாவில் அந்தப் புற்று இந்தியர்களிடம்தானே அதிகம் இருக்க வேண்டும்? இல்லை. சீனர்களிடம்தான் அதிகம். கிருமியின் வகையா, சாப்பாடா, உடல்வாகா என்று இன்னும் வாதம் நடக்கிறது. மஞ்சளும் மிளகும் காப்பாற்றுகின்றன என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிவிட வேண்டாம். அப்படி யாரும் நிரூபிக்கவில்லை.

இன்னொன்று, மேலே நெஞ்சுப் பக்கம். வயிற்றுக் கோளாறோடு வந்த 1,000 பேருக்கு ஸ்கோப் போட்டு ரொசைடாவும் கோவும் 2004-ல் எழுதிய ஆய்வில், அமிலம் மேலேறி உணவுக்குழாயைப் புண்ணாக்குவது இந்தியர்களிடமே அதிகம் என்று தெரிந்தது. தோட்டத்துக் ‘காஸ்ட்ரிக்’கில் ஒரு பகுதி இரைப்பையே அல்ல, உணவுக்குழாய். கிருமியும் புண்ணும் குறையக் குறைய இது ஏறிக்கொண்டு வருகிறது.

உணவுக்குழாய் என்றதும் தேத்தண்ணீரைச் சொல்லாமல் விட முடியாது. 65 பாகை செல்சியஸுக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானம் எதுவும் உணவுக்குழாய்ப் புற்றுக்கு வழிவகுக்கக்கூடும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் சொன்னது. குற்றவாளி சூடு, தேயிலை அல்ல. தே தாரிக் ஆற்றுகிறவர் கையைத் தூக்கி இறக்குவதில் இந்தச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடுகிறது. புகையிலை வைத்த வெற்றிலை அப்படியல்ல. வாய்க்கும் உணவுக்குழாய்க்கும் சந்தேகமில்லாத கேடு. பழைய கொழுந்துக்காரப் பெண்களின் மடியில் சுருக்குப்பை இல்லாமல் இருந்ததில்லை.

சரி, இத்தனையும் காட்டும் ஸ்கோப் மலையில் இருப்பவருக்கு எப்படிக் கிடைக்கிறது? தானா ராத்தாவில் இருப்பது மாவட்ட ஆஸ்பத்திரி. நிபுணர் தேவையென்றால் மலையிறங்க வேண்டும். கேமரன் மலை இருக்கும் பகாங்கின் தலைநகர் குவாந்தான் மாநிலத்தின் மறுகோடியில். பேராக்கிலுள்ள ஈப்போதான் பக்கம். அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் குடிமக்களுக்குக் கட்டணம் பெரிய விஷயமில்லை. சாலைதான் விஷயம். தேதி கொடுக்கும்போது நடக்கும் பேச்சு இப்படித்தான் இருக்கும்:

“பாட்டி, முந்தின ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல தண்ணிகூட வேணாம். காலையில பசியாறாம வரணும்.”

“தேத்தண்ணியாச்சும்?”

“தேத்தண்ணியும் கூடாது. கூட ஒரு ஆள் வரணும்.”

பாட்டிக்குப் பிரச்சினை தேத்தண்ணீர் அல்ல, கடைசி வாக்கியம்தான். கூட வரும் மகனுக்கு அன்றைய சம்பளம் போகும். வெறும் வயிற்றோடு விடியுமுன் கிளம்பி அந்த வளைவுகளில் இறங்க வேண்டும். பெருங்குடலுக்கு ஸ்கோப் என்றால் நிலைமை இன்னும் மோசம்: முந்தின நாள் லிட்டர் கணக்கில் பேதி மருந்து குடித்துக் குடலைக் கழுவியிருக்க வேண்டும். அதன் கடைசிப் பங்கைக் குடித்துவிட்டு மலைச்சாலையில் வேனில் உட்காருவதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். ‘ஆள் வரவில்லை’ என்று குறிப்பேட்டில் எழுதுவது சுலபம்.

இன்று தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர்களில் பலர் வங்காளதேசத்தவர், நேப்பாளியர், இந்தோனேசியர். கப்பலில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பட்டணம் இறங்கிவிட்டார்கள். புதிதாக வந்தவருக்கு அதே லயன், அதே வயிற்றுவலி. வெளிநாட்டவர் கட்டணமோ குடிமக்களுடையதைப் போலப் பல மடங்கு. அவரும் மாத்திரை அட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறுகிறார்.

என் கட்சி இது: எல்லாரையும் குழாய்க்குக் கூட்டிவருவதைவிட, குழாய் வேண்டாதவர்களை மலையிலேயே பிரித்தெடுப்பது மேல். இளம் வயது, அபாய அறிகுறி எதுவுமில்லை என்றால் மூச்சுச் சோதனை போதும். ஒரு முறை ஊத வேண்டும், யூரியாக் கரைசலைக் குடிக்க வேண்டும், அரை மணி நேரம் கழித்து மறுபடி ஊத வேண்டும். ஜெல் தட்டில் நடக்கும் அதே வேதியியல்தான் இங்கே மூச்சில் நடக்கிறது. மலத்திலும் கிருமியைச் சோதிக்கலாம். இருந்தால் இரண்டு ஆன்டிபயாடிக், ஓர் அமில அடக்கி, பெரும்பாலும் 14 நாள். ஒரு எச்சரிக்கை: சோதனைக்கு முன் இரண்டு வாரம் ஒமிபிரசோல் வகை மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும். சட்டைப்பை அட்டையிலிருந்து காலையில் ஒன்று போட்டுக்கொண்டு போனால், கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம்.

பெருங்குடலுக்கும் இப்படி ஒரு வழியை அரசாங்கம் வைத்திருக்கிறது. 50 முதல் 75 வயது வரை உள்ளவர்களுக்கு, கண்ணுக்குத் தெரியாத இரத்தம் மலத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை 2014 முதல் கிளினிக் கெசிஹாத்தான் என்னும் அரசு சுகாதார நிலையங்களில் நடக்கிறது. சின்னக் குப்பி, வீட்டிலேயே எடுத்துக் கொடுத்துவிடலாம். இரத்தம் இருக்கிறது என்று வந்தவர் மட்டும் ஸ்கோப்புக்கு இறங்கினால் போதும். ஆனால் அவர் கட்டாயம் இறங்க வேண்டும். குப்பியோடு நின்றுவிட்டால் சோதனை செய்ததே வீண்.

இரைப்பைக்கு மூச்சுச் சோதனை போதாதவர்கள் யார்? விழுங்கும்போது சோறு நெஞ்சில் நிற்கிறவர். காரணமில்லாமல் உடம்பு இளைக்கிறவர். இரத்தமாக வாந்தி எடுத்தவர். சோகை என்று சொல்லப்பட்டவர். நடுவயது தாண்டி முதல்முறையாக ‘காஸ்ட்ரிக்’ வந்தவர். மலம் தார் நிறத்தில், பிசுபிசுப்பாக, நாற்றமாகப் போகிறவர். இவர்களுக்கு வெள்ளை மருந்தும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் மலம் கறுப்பாகத்தான் போகும். அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவர் பயப்பட வேண்டியதை மட்டும் பயப்படட்டும்.

(அடுத்த வாரம்: குழாயே இல்லாமல், மாத்திரையாக விழுங்கும் கேமரா)