பாரம் தாங்கும் வடங்கள்

கிணற்றில் நீர் அள்ளும் கயிற்றின் நுனியைப் பிரித்துப் பார்த்தால், அதில் இருப்பவை ஏறக்குறைய ஒரு சாண் நீளமுள்ள தென்னந்தும்புகளே. தனித்த ஒரு தும்பைச் சிறு குழந்தையும் அறுத்துவிடும். ஆனால் பல நூறு தும்புகளை ஒன்றாகச் சேர்த்து முறுக்கிவிட்டால், நிறைந்த வாளியை நாள்தோறும் தாங்கும் கயிறு கிடைத்துவிடுகிறது. முறுக்கு இறுக இறுகத் தும்புகள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்கின்றன. பாரமும் எந்த ஒரு தும்பையும் தனியே சாராமல் எல்லாவற்றின் மீதும் பரவுகிறது. பெரும் பாலங்களைத் தொங்கவிடும் உருக்கு வடமும், துறைமுகத்திலே கப்பற் சரக்கைத் தூக்கும் பாரந்தூக்கியின் வடமும் இதே தத்துவத்தைத் தழுவியே அமைந்துள்ளன.

இரும்புக் கம்பியை இவ்வாறு கயிறாக்கும் முறை ஜேர்மனியின் ஹார்ஸ் மலைப் பகுதிச் சுரங்கங்களிலே உருவாயிற்று. அங்கே தாதுப்பொருளை மேலே இழுப்பதற்குச் சணற்கயிறும் இரும்புச் சங்கிலியும் பயன்பட்டு வந்தன. சணற்கயிறு ஈரத்தில் நைந்து போயிற்று. சங்கிலியோ சிறிதும் முன்னறிவிப்பின்றி அறுந்தது. சங்கிலிக்கு ஆயிரம் வளையங்கள் இருந்தாலும், அதன் பலம் மிக நலிந்த ஒரு வளையத்தின் பலமே. கிளவுஸ்தால் நகரிற் சுரங்க அதிகாரியாக விளங்கிய வில்ஹெல்ம் அல்பேட் என்பவர் இதற்கு மாற்று வழி தேடினார். நான்கு கம்பிகளை முறுக்கி ஒரு புரியாகவும், அத்தகைய மூன்று புரிகளை முறுக்கி ஒரு வடமாகவும் செய்வித்து, 1834ஆம் ஆண்டிலே சுரங்கத்தில் இட்டுச் சோதித்தார். சோதனை வெற்றி பெற்றது.

அல்பேட்டின் வடத்தில் ஒரு கம்பி முறிந்தால் மற்றப் பதினொன்றும் பாரத்தை ஏற்றுக்கொண்டன. அதனினும் வியப்பானது வேறொன்று. முறிந்த கம்பியும் முற்றாகப் பயனிழந்துவிடுவதில்லை. முறிவிலிருந்து சிறிது தூரம் சென்றதும், பக்கத்துக் கம்பிகளின் நெருக்கத்தினால் அது மீண்டும் பிடிபட்டுத் தன் பங்கைச் சுமக்கத் தொடங்குகிறது. அன்றியும், முறிந்த நுனி வடத்தின் மேற்புறத்திலே முள்ளைப் போல நீட்டிக்கொண்டு நிற்கக்கூடும். வடம் தன் நோயைத் தானே வெளிப்படுத்துகிறது. சங்கிலிக்கு அந்தக் குணம் இல்லை.

இன்றைய பாரந்தூக்கி வடம் பெரும்பாலும் ஆறு புரிகளைக் கொண்டது. ஒவ்வொரு புரியிலும் பத்தொன்பதோ அதற்கு மேற்பட்டோ மெல்லிய கம்பிகள் உள்ளன. சில பருத்த கம்பிகளே போதாவோ என்ற வினா எழலாம். பாரந்தூக்கியின் வடம் கப்பியின் மேலே வளைந்து வளைந்து ஓட வேண்டியது. வளையும்போது வெளிப்புறம் நீள்கிறது, உட்புறம் குறுகுகிறது. கம்பி பருத்திருந்தால் இந்த வேறுபாடு மிகுந்து, சில காலத்திலேயே அது களைத்து முறியும். கையிலுள்ள கம்பித் துண்டொன்றை முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்து முறிப்பவர் காண்பதும் இதே களைப்பையே. மெல்லிய கம்பிக்கு இத்துன்பம் குறைவு. மேலும், முறுக்கின் காரணமாக ஒவ்வொரு கம்பியும் மாறி மாறி வெளிப்புறமும் உட்புறமும் வந்து போவதால், எந்தக் கம்பியும் முழு வருத்தத்தையும் தொடர்ந்து ஏற்பதில்லை. அத்துடன், கப்பியின் விட்டம் வடத்தின் விட்டத்தைப் போல ஏறத்தாழ 20 மடங்கு இருக்குமாறு பொறியியலாளர் பார்த்துக்கொள்கின்றனர். ஆட்களை ஏற்றும் மின்னுயர்த்திகளில் 40 மடங்கு என்பது வழக்கம். அவ்வுயர்த்தி ஒரே வடத்தில் தொங்குவதுமில்லை. பல வடங்கள் அருகருகே நின்று அதைத் தாங்குகின்றன.

தொங்கு பாலத்தின் வடம் இதனின்றும் வேறுபட்டது. அது கப்பியின் மேலே ஓடுவதில்லை. கட்டிய இடத்திலேயே நிற்கிறது. ஆதலால் நெளிந்து கொடுக்கும் தன்மை அதற்கு அவ்வளவாக வேண்டியதில்லை. முறுக்கிய வடத்தில் கம்பி சரிந்து செல்வதால் அதன் பலத்தில் ஒரு பகுதி வீணாகிறது. பாரம் ஏறும்போது வடம் சற்று நீண்டும் போகிறது. இக்காரணம் பற்றியே பெரும் பாலங்களில் கம்பிகளை முறுக்காது, ஒன்றுக்கொன்று சமாந்தரமாக நேரே அடுக்கி, இறுக்கி, மேலே கம்பி சுற்றிக் கட்டுகின்றனர். சான் பிரான்சிஸ்கோவில் 1937ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கோல்டன் கேற் பாலத்தின் இரு வடங்களில் ஒவ்வொன்றிலும் 27,572 கம்பிகள் உண்டு. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தால் 80,000 மைல் நீளும். கம்பியின் தடிப்பு ஓர் அங்குலத்தின் ஐந்திலொரு பங்கும் இல்லை; வடத்தின் தடிப்போ 36 அங்குலத்துக்கு மேற்பட்டது. சாதாரணக் கட்டட உருக்கு, சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 30 தொன் இழுவிசையில் அறுந்துவிடும். சிறு துளைகளினூடாக இழுத்து இழுத்து மெலிதாக்கிய பாலக் கம்பியோ 100 தொன் வரை தாங்கும்.

வடம் ஏன் தொய்ந்து தொங்க வேண்டும்? உடுப்புக் காயவிடும் கொடியைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டி, நடுவிலே ஈரச் சேலையைப் போட்டால், கொடி அறுந்தாலும் அறுந்துவிடும். சற்றுத் தொய்வாகக் கட்டினால் அதே சேலையை எளிதிலே தாங்கும். கோல்டன் கேற் பாலத்தின் கோபுரங்களுக்கிடைத் தூரம் 4,200 அடி. வடத்தின் தொய்வு 470 அடி. இந்த அளவில் வடங்களிரண்டும் சேர்ந்து ஏற்கும் கிடை இழுவிசை, அவற்றில் தொங்கும் பாரத்தைக் காட்டிலும் சற்றே அதிகம். தொய்வைப் பாதியாக்கினால் அவ்விழுவிசை இரு மடங்காகும். கோபுரங்கள் பாரத்தை நிலத்துக்கு இறக்குகின்றன. இழுவிசையை இரு கரைகளிலும் புதைந்துள்ள மாபெரும் நங்கூரக் கட்டுகள் பிடித்து நிற்கின்றன.

கம்பிகள் பலவாக இருப்பதன் அருமையை நியூயோர்க்கின் புரூக்ளின் பாலம் உணர்த்தியது. அதன் வடங்கள், தாங்க வேண்டிய பாரத்தைப் போல் ஆறு மடங்கைத் தாங்குமாறு திட்டமிடப்பட்டன. ஆனால் கம்பி வழங்கிய ஒப்பந்தக்காரர், பரிசோதனையில் தேறிய நல்ல கம்பிகளை வழியிலே மாற்றி, தேறாத கம்பிகளை அனுப்பிவந்தார். 1878ஆம் ஆண்டில் இம்மோசடி வெளிப்பட்டபோது, தரக்குறைவான கம்பிகள் ஏற்கெனவே வடங்களிற் சேர்ந்துவிட்டன. அவற்றைப் பிரித்தெடுக்க வழியில்லை. பிரதம பொறியியலாளர் வாஷிங்டன் றோப்ளிங் கணக்கிட்டுப் பார்த்து, வடம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 150 நல்ல கம்பிகளைக் கூடுதலாகச் சேர்க்கச் செய்தார். ஆறு மடங்கு ஐந்தாகக் குறைந்தபோதிலும் அது போதியதே எனக் கண்டார். பாலம் 1883இல் திறக்கப்பட்டது. அக்கம்பிகள் இன்றும் அதனுள் இருக்கின்றன; பாலமும் நிற்கிறது.

இதற்கு நேர்மாறானது ஒகையோ ஆற்றின் மீது 1928இல் அமைந்த சில்வர் பாலத்தின் கதை. அதைத் தாங்கியவை கம்பி வடங்களல்ல, உருக்குச் சட்டங்களாலான சங்கிலிகள். ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டே சட்டங்கள். 1967ஆம் ஆண்டு திசெம்பர் 15ஆம் நாள் மாலை, வாகனங்கள் நெருங்கி நின்ற வேளையில், ஒரு சட்டத்தின் துளையோரம் வெடித்தது. கூட இருந்த சட்டம் தனித்து நிற்க இயலாது நழுவ, பாலம் முழுவதும் ஆற்றில் வீழ்ந்தது. 46 பேர் மாண்டனர். அழிவுக்குக் காரணமான வெடிப்பின் ஆழம் ஓர் அங்குலத்தின் பத்திலொரு பங்கு அளவே. மூட்டைக் கழற்றாமல் அதைக் கண்ணாற் காண முடிந்திராது.

ஆயினும் கம்பிகள் பல என்பதொன்றே காவலாகிவிடாது. பிரான்சின் ஆன்ஜே நகரில் இருந்த தொங்கு பாலம் கம்பி வடத்தினாலேயே அமைந்தது. நங்கூரக் கட்டுக்குள்ளே, சுண்ணச் சாந்தால் மூடப்பட்டுக் கிடந்த கம்பிகளை ஈரம் மெல்ல அரித்துவந்தது. அதை எவரும் காணவில்லை. 1850ஆம் ஆண்டு ஏப்ரில் 16ஆம் நாள், புயற்காற்றினிடையே ஒரு படைப்பிரிவு கடக்கும்போது வடம் அறுந்து, 200க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். எந்தக் கம்பி நலிந்தது என்பதைப் பார்க்க வழி இல்லாவிடில், பல கம்பிகள் இருந்தும் பயன் குறைவே. இவ்வுண்மையை உணர்ந்தே, யப்பானில் 1998இல் திறக்கப்பட்ட அக்காஷி கைக்கியோ பாலத்தில், 36,830 கம்பிகள் கொண்ட ஒவ்வொரு வடத்தினுள்ளும் உலர்ந்த காற்றைச் செலுத்தி ஈரத்தை அகற்றி வருகின்றனர்.

பாரந்தூக்கியின் வடத்தைத் தொழிலாளி ஒருவர் அடி அடியாகப் பார்த்து, முறிந்த கம்பிகளை எண்ணிக் குறிப்பதைக் காண்போர், அதை வீண் வேலையென எண்ணக்கூடும். குறித்த நீளத்தில் முறிவுகள் குறித்த எண்ணிக்கையை எட்டினால், வடம் இன்னும் அறவில்லையே என்று வைத்துக்கொள்ளாமல் கழித்துவிடுவதே விதி. சங்கிலியைப் போலன்றி, கம்பி வடம் அறுமுன்னர் அறிவிக்கக்கூடியது. அந்த அறிவிப்பைப் பார்க்கும் கண் ஒன்று அருகில் இருக்கும்வரையே, அதன் கீழே நிற்பவருக்கும் அதன் மேலே செல்பவருக்கும் பாதுகாப்பு உண்டு.